தூக்கம் வருகிறதா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 42. இரண்டு ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. போன சம்பா, கதிர் முற்றும் நேரத்தில் மழையில் சாய்ந்துவிட்டது. சங்கக் கடன், நகைக் கடன், வெளியில் வாங்கியது என மூன்றும் நிற்கின்றன. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது. இசிஜி எடுத்த டாக்டர், இதயத்தில் கோளாறு இல்லை, ரத்த அழுத்தம்தான் கூடியிருக்கிறது என்றார். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். இதை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: தாராளமாகக் கேட்கலாம், தம்பி. கேட்காமல் விட்ட தவறு என்னுடையது. 2016-ல் பருவமழை பொய்த்த நேரம். ஒரு விவசாயி காய்ந்த நெல் தூரோடு அலுவலகம் வந்தார். கை நடுங்கியது, கண் சிவந்திருந்தது. நான் பயிரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. யோசனை சொல்லி அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் அவர் உயிரை விடத் துணிந்ததாகச் சேதி வந்தது. பக்கத்து வயல்காரர் பார்த்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும், "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பயிரைப் பற்றிப் பேசுகிறேன்.

தண்ணீர் குறைந்தால் பயிர் இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காத்துக்கொள்ளும். நான்கு நாளுக்கு அது நல்லது. நாற்பது நாள் நீடித்தால் வளர்ச்சியே நின்றுவிடும். நம் உடம்பும் அப்படித்தான். ஆபத்து என்றதும் அட்ரினலின், கார்டிசால் என்ற சுரப்புநீர்கள் கூடி, இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு அது உதவும். கடன் ஓடிப்போகிற பாம்பு அல்ல. மாதக்கணக்கில் எதிரிலேயே நிற்கும். அதனால்தான் படபடப்பு, தூக்கமின்மை, வயிற்றெரிச்சல், எரிச்சல் எல்லாம். இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் வேலை.

செய்ய வேண்டியவை:

1. கடனைத் தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். மனதில் சுமக்கும்போது மலையாகத் தெரிவது, தாளில் நான்கு வரியாகிவிடும். எதை முதலில் அடைப்பது என்பதும் புலப்படும்.

2. தவணைத் தேதிக்கு முன்பே சங்கச் செயலாளரைப் பாருங்கள். அரசு பயிர்ச்சேதம் அறிவித்த பகுதியில் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்ற வழி உண்டு. காப்பீடு செய்திருந்தால் ரசீதோடு வேளாண் அலுவலகம் வாருங்கள். அடங்கல் இருந்தால் குத்தகை நிலத்துக்கும் காப்பீடு செய்யலாம். வரும் சம்பாவுக்கு மறக்காதீர்கள்.

3. மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். தூக்கத்துக்காக மதுவைத் தொடாதீர்கள். முதலில் அசத்தும், நடு இரவில் எழுப்பிவிடும். விழித்தால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

4. ரத்த அழுத்த மாத்திரை தந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால் மன உளைச்சல்தான் என்று இருந்துவிடாமல் 108-ஐ அழையுங்கள்.

5. பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். பெட்டியில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்கிறேன். தாங்க முடியாத நேரம் என்பது சில நிமிடங்கள்தான். அந்தப் பூட்டு அந்த நிமிடங்களைக் கடத்திவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 அல்லது 104-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று. டீக்கடைக்கு வருவதை நிறுத்திய, வயலுக்குப் போகாத ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். யோசனை சொல்ல வேண்டாம். "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

தம்பி, அந்தத் தாளை எழுதியதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.