உப்பளத்து உடம்பு வலிக்கு ஊசி போதுமா?

1/ "உடம்பெல்லாம் வலி, ஒரு ஊசி போட்டு விடுங்க சார்." மரக்காணம் உப்பளத்துல வேலை செய்யற அக்கா. அடிக்கடி கேக்கற வரி இது.

2/ கடும் உழைப்பால் வரும் தசைவலி ஓய்வு எடுத்தா சில நாளில் தானா ஆறும். மூச்சடக்கி முக்குளிக்கப் பழகறவங்களுக்கு ஓய்வு நாளும் பயிற்சிதான். இங்க ஓய்வுன்னா கூலி கட்.

3/ அதனால தினமும் டைக்ளோஃபெனாக். வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

4/ "தண்ணி நிறைய குடிங்கம்மா"ன்னு சொல்லிடறோம். கழிப்பறையே இல்லாத உப்பளத்துல எந்தப் பெண் குடிப்பாங்க?

5/ தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் நடந்த ஆய்வில் 7 சதவீதம் பேருக்கு சிறுநீரகச் செயல்பாடு குறைவு.

6/ அவங்களைத் திட்டாதீங்க. நிழல், குடிநீர், கழிப்பறை, கூலியோடு ஓய்வு: இதுதான் மருந்துச்சீட்டு. முதலாளிகளும் அரசும்தான் வாங்கித் தரணும்.

7/ சிறுநீர் கோலா நிறத்துல போனா மாத்திரை போடாம உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.