வடிக்காத சீழுக்கு மருந்தில்லை

1902 ஜூன் 24. முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்க, பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டின் வயிற்றைக் கீறி, குடல்வால் சீழ்க்கட்டியை வடித்தார் அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் அது. மன்னர் பிழைத்தார், ஆகஸ்டில் முடிசூடினார்.

இன்று மருந்துக்குக் குறைவில்லை. உடனே போடவும் வேண்டும். ஆனால் குடலில் ஓட்டை விழுந்து மலம் கசிந்துகொண்டிருந்தால் ஊசி மட்டும் காப்பாற்றாது. ஓட்டையை அடைத்து, சீழை வடித்தாக வேண்டும்.

அதைச் சரியாகச் செய்துவிட்டால், பெரும்பாலானோருக்கு மருந்தை நீட்டவும் வேண்டாம். அமெரிக்கா, கனடாவில் 518 நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், சுமார் நான்கு நாள் மருந்தும் எட்டு நாள் மருந்தும் ஏறக்குறைய ஒரே பலனையே தந்தன. அந்த நான்கு நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் தணியாவிட்டால், மருந்தை மாற்றிக்கொண்டே போவது ஆபத்து. ஸ்கேன் எடுத்து, உள்ளே தேங்கிய சீழைத் தேட வேண்டும்.