சந்திரதால் செல்வோருக்கு

இமாசலத்து ஸ்பிதிப் பகுதியிலுள்ள சந்திரதால் ஏரிக்குக் குடும்பத்தோடு சென்று கூடாரத்தில் தங்க விரும்பும் அன்பர்கள், வழியில் தங்கும் நாள்களை வீணென்று எண்ணற்க. மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஏரியோ 4,200 மீட்டருக்கும் மேல். 3,000 மீட்டரைத் தாண்டியபின், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டர் அளவிலேயே உயர்த்த வேண்டும் என்பது மருத்துவ விதி. ஆகவே மணாலி, கேலாங், சத்ரு, பாதல் எனத் தங்கித் தங்கி ஏறுக.

2005-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அவ்வேரியின் கரையில் கூடாரமடிக்கத் தடையுண்டு. சற்றுத் தொலைவிலுள்ள முகாமிலிருந்து நடந்து செல்லலாம்.

தலைவலியோடு வாந்தியும் கண்டால், மேலே ஏறாது உடனே கீழிறங்குவதே மருந்து. சிறு குழந்தை தலைவலியைச் சொல்லாது. உண்ண மறுத்துச் சோர்வதே அதன் மொழி. ஏரியை அடுத்த கோடையிலும் காணலாம்.