அந்த 50 மீட்டர் யார் வீட்டிலிருந்து?

பெட்ரோல் பங்க் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதற்கு இந்த நாட்டில் ஒரு விதி இருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவையடுத்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை அது. பள்ளிக்கூடம், 10 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் புதிய பங்க் அமையக்கூடாது. இடம் போதாவிட்டால், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு 30 மீட்டர் வரை நெருங்கலாம். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

நல்ல விதிதான், ஒரு சொற்றொடரைத் தவிர. ‘குடியிருப்புப் பகுதி’ என்பதோடு அந்த வாக்கியம் நிற்கவில்லை. ‘உள்ளூர்ச் சட்டங்களின்படி குடியிருப்பாக வகைப்படுத்தப்பட்ட பகுதி’ என்கிறது. ஆக, மனிதர்கள் அங்கே குடியிருந்தால் மட்டும் போதாது. குடியிருக்கிறார்கள் என்று அரசின் வரைபடமும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த வரைபடம் எப்படி இருக்கிறது? 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் போடப்பட்ட நகரங்களில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வகை உண்டு: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம். கிராமங்களில் பெரும்பாலானவை இந்தத் திட்டங்களுக்குள்ளேயே வருவதில்லை. அங்கே இருப்பது வருவாய்த் துறையின் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்குதான். அந்த நத்தத்தையும் ஊர் நத்தம், சேரி நத்தம் என்று பிரித்துத்தான் பழைய பதிவேடுகள் எழுதின. பின்னாளில் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுத்துக் கொடுத்த மனைகளும் ஊருக்கு வெளியே, மிஞ்சிய இடத்தில்தான் அமைந்தன. குடும்பங்கள் பெருகி, பக்கத்துப் புறம்போக்கில் வீடு கட்டியவர்களிடம் பட்டாவும் இல்லை.

பிறகு புறவழிச்சாலை வந்தது. ஊரைச் சுற்றிப் போகும் சாலை காலனியைத் தொட்டுத்தானே போகும்? சாலையோர வயல் யாருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெல் விளைந்த இடத்தை எண்ணெய் நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டால் மாதாமாதம் வாடகை. அவருக்கு லாபம், நிறுவனத்துக்கு நெடுஞ்சாலை முகப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் காலனியின் கடைசி வரிசை வீடுகள்.

என் ஆய்வுக்காக நான் போய்வரும் காலனி ஒன்றில் இதுதான் நடந்தது. கடைசி வீட்டின் சுவரிலிருந்து பங்க் வரும் இடத்துக்கு நாங்கள் டேப் பிடித்து அளந்தோம், 22 மீட்டர். மனு கொடுத்தோம். ‘சம்பந்தப்பட்ட புல எண்கள் குடியிருப்புப் பகுதியாக வகைப்படுத்தப்படவில்லை’ என்று ஒருவரிப் பதில் வந்தது. அந்தக் கடைசி வீட்டு அக்கா பதிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அப்ப வீட்டு வரி எதுக்குத் தம்பி வாங்குறாங்க?” என்றார்.

ஊர்த்தெருவும் இதே வகைப்படுத்தப்படாத நிலத்தில்தானே இருக்கிறது, இதில் சாதி எங்கே வந்தது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஊர்த்தெருவை ஒட்டிய நிலம் ஊராருடையது. தன் திண்ணைக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் புதைக்க யாரும் நிலம் தரமாட்டார். ஊருக்கு அந்த 50 மீட்டரை நிலவுடைமையே கொடுத்துவிடுகிறது. சட்டத்தைத் தவிர வேறு துணை இல்லாத காலனியில்தான் சட்டம் கையை விரிக்கிறது.

அமெரிக்காவில் லூயிவில் நகரம், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக்கூடாது என்று விதி போட்டது. 1917இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் பல நகரங்கள் நிறத்தின் பெயரைச் சொல்லாமல், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைத் தொழில் மண்டலம் என்று வகைப்படுத்தின. நம் விதியிலும் சாதி என்ற சொல் எங்கும் இல்லை.

அதே விதியின் மற்ற வரிகளையும் பாருங்கள். பள்ளி என்கிறது, அங்கன்வாடி என்று சொல்லவில்லை. 10 படுக்கை என்கிறது. காலனிக்குப் பக்கத்தில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் ஏது 10 படுக்கை? பெட்ரோல் ஆவியைத் திரும்பப் பிடிக்கும் கருவியைப் புதிய பங்க்குகளில் பொருத்தச் சொல்வதும் 1 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில், அதுவும் விற்பனை அதிகமுள்ள பங்க்குகளுக்குத்தான். அந்த ஆவியில் இருக்கும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட உண்மை.

இதில் கடை விஷயம் தனி. பங்க்குக்குள் வாகனங்கள் வந்துபோகச் சாலையோரம் காலியாக இருக்க வேண்டும். அங்கே காலனிப் பெண் ஒருவர் வைத்திருக்கும் பெட்டிக்கடை ஒரே நாளில் ஆக்கிரமிப்பு ஆகிவிடும். பங்க் வளாகத்துக்குள் கண்ணாடிக் கதவோடு வரும் கடைக்கு ‘வாடிக்கையாளர் வசதி’ என்று பெயர்.

பங்க்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காலனிப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் கிடைக்கலாம். கேட்பது சின்ன விஷயம். ஊர் நத்தம், ஆதிதிராவிடர் நத்தம், அரசு கொடுத்த வீட்டுமனை, வீட்டு வரி ரசீதோ மின் இணைப்போ உள்ள புறம்போக்குக் குடியிருப்பு எல்லாமே இந்த விதிக்குக் குடியிருப்புப் பகுதிதான் என்று தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட வேண்டும். பங்க்குக்குத் தடையில்லாச் சான்று தருவது மாவட்ட நிர்வாகம். அந்த விசாரணையில் வரைபடத்தோடு வீட்டுச் சுவரையும் அளக்கச் சொல்ல வேண்டும். அங்கன்வாடியைப் பள்ளியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அரசாணை வரும்வரை கிராம சபை இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒரு பங்க் வருகிறதென்றால், தடையில்லாச் சான்று கொடுக்கப்படும் முன்பே தீர்மானம் போடுங்கள். பெட்ரோல் போடும் எந்திரம், நிலத்தடி டேங்கில் எண்ணெய் ஊற்றும் வாய், ஆவி வெளியேறும் குழாய், இந்த மூன்றில் எது வீட்டுக்குப் பக்கமோ அதிலிருந்துதான் தூரத்தை அளக்க வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. வளாகத்தின் நடுவிலிருந்து அளந்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தீர்மானத்தில் வீடுகளின் எண்ணிக்கை, கதவு எண், வரி ரசீது எண் எல்லாம் வரிசையாக இருக்கட்டும்.