“கடுவன் எண்டா தாங்கோ”

அடம்பனில் நாங்கள் பொறுப்பெடுத்து வளர்க்கும் நாய்க்குட்டிக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. பெட்டை, அதோடு சரியான குழப்படி. இந்த இரண்டும்தான் அவள் செய்த குற்றமாம்.

குழப்படி என்ன குற்றம்? மூன்று மாதத்துக்குப் பிறகு பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். முரசு தினவெடுக்கும், செருப்பைக் கடிக்கத்தான் செய்யும். கடிக்கப் பழைய துணியும் ஓட வளவும் குடுங்கோ. சங்கிலியில் கட்டிவைத்தால் மூர்க்கம்தான் கூடும்.

“பெட்டை குட்டி போட்டுத் தள்ளும்” எண்டுறீங்கள். கருத்தடை எதுக்கு இருக்கு? ஒரு சத்திரசிகிச்சையோடு முடிகிற விஷயத்துக்காகக் கண் திறக்காத பெட்டைக்குட்டிகளைச் சந்தையடியில் விட்டுவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் அரசு கொள்கை எடுத்தது. நல்லது. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதுமா? கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் வீடும் வேணும். “இயக்கச்சி சரணாலயத்தில் விடுங்கோ” என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்களே, வடக்கு முழுக்கத் தூக்கி எறிவதை ஒரு சரணாலயம் சுமக்கேலுமா?

காசு குடுத்து ஜேர்மன் ஷெப்பேர்ட் வாங்கினால் பெருமை. ஊர்ப்பெட்டை சும்மா கிடைத்தாலும் பாரம். வயலும் வளவும் உள்ள ஊரில் ஓடித் திரியிற குட்டிக்கு இடமில்லையெண்டால், பிழை குட்டியில் இல்லை.