மூளை அதிகமாக இயங்கினால் நல்லதா?

கம்ப்யூட்டர் மெதுவாகும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியூ பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டினால் மகிழ்ச்சியா அடைவோம்? ஏதோ ஒரு புரோகிராம் அதை வீணாக ஓட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் சாஃப்ட்வேர் எழுதும் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மூளையிலும் இப்படி நடப்பதுண்டு. சிலருக்கு வயதுக்கு மீறிய மறதி இருக்கும். ஆனாலும் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வார்கள். டாக்டர்கள் இதை 'மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்' என்பார்கள். இவர்களில் பலருக்கு, நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதி அளவுக்கு மீறி இயங்குவது ஸ்கேனில் தெரிகிறது. 2012-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வலிப்பு நோய்க்கான மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் கொடுத்து அந்த இயக்கத்தைத் தணித்தார்கள். நினைவுச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது! (இது சிறிய ஆய்வுதான். நீங்களாக மருந்து வாங்கிவிடாதீர்கள்.)

எனவே, 'மூளையின் இயக்கத்தைக் கூட்டும்' என்று விற்கப்படும் கேம்ஸைப் பெற்றோருக்காக வாங்கும் முன் யோசியுங்கள். முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கை, லூமோசிட்டி நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

பொழுதுபோக்காக விளையாடட்டும், தவறில்லை. அதையே மருந்தாக நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து. தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு போன்றவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் சிகிச்சையால் குறைக்கலாம். எந்த சாஃப்ட்வேரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. முதலில் இரத்தப் பரிசோதனை, அப்புறம் கேம்ஸ்!