பாம்புக்கடி ஊசிக்கு அலர்ஜி வரும். அதற்குப் பயந்து ஆளை மலை இறக்காதீர்கள்!



கொஞ்சம் நீண்ட பதிவு. நம் திருப்புலி நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வெளியூரில் இருக்கும் என் பழைய மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மழை தொடங்கினால் நம் மலையில் ‘பூச்சி’ நடமாட்டம் கூடிவிடும். (இரவில் பாம்பு என்று பெயர் சொல்லக் கூடாது என்பார்கள் நம் பாட்டிமார். நான் பகலில்தான் எழுதுகிறேன், அதனால் பாம்பு என்றே எழுதுகிறேன்.) கூடவே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ‘பாம்பு விஷத்தை விட ஆஸ்பத்திரி ஊசிதான் ஆளைக் கொல்லுது. அது குதிரை ரத்தத்தில் செய்த மருந்து. நம்ம உடம்பு ஏத்துக்காது. மூலிகை மலையில் இருந்துகொண்டு ஊசிக்கு ஏன் ஓடுறீங்க’ என்று ஒருவர் பேசுகிறார். யார் என்று தெரியவில்லை. குரலில் மட்டும் நல்ல கம்பீரம்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பாதி உண்மைதான் ஆளைச் சாகடிக்கும்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். பாம்பு விஷ முறிவு மருந்து, மருத்துவமனையில் ஏ.எஸ்.வி. என்பார்கள், குதிரையிடமிருந்துதான் வருகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுக்கிறார்கள். இந்தியாவில் மருந்துக்குப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அந்தத் தொழிலில் இருந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எடுத்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் புரதம் உருவாகும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து நமக்கு ஏற்றுகிறார்கள்.

வேற்று விலங்கின் புரதம் உள்ளே வந்தால் நம் உடம்பு சும்மா இருக்குமா? எதிர்க்கும். சிலருக்கு அரிப்பு, தடிப்பு, வாந்தி, குளிர் நடுக்கம். சிலருக்கு மூச்சு இழைக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கவனிக்காமல் விட்டால் உயிர்கூடப் போகலாம். இதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

சொல்லப்போனால் ‘அலர்ஜி’ என்ற சொல்லே குதிரை ரத்தத்தில் பிறந்ததுதான். நூற்றிருபது வருஷத்துக்கு முன் தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்குக் குழந்தைகளுக்குக் குதிரைச் சீரம்தான் மருந்து. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே, சீரம் போட்ட குழந்தைகளில் சிலருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வருவதையும், இரண்டாம் முறை போட்டால் அது இன்னும் சீக்கிரம் வருவதையும் கவனித்தார். உடம்பு வேறு மாதிரி வினை புரிகிறது என்ற பொருளில் 1906-இல் ‘அலர்ஜி’ என்று பெயர் வைத்தார். அதற்கு முன் 1902-இல் பிரான்ஸில் ரிஷே, போர்த்தியே என்ற இருவர் ஒரு கடல் உயிரினத்தின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார்கள். இரண்டாம் முறை மிகக் கொஞ்சம் கொடுத்ததுமே சில நிமிடங்களில் நாய் செத்தது. பாதுகாப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள், நேர் எதிர் வந்தது. அதற்கு ‘அனஃபிலாக்ஸிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே குரல் பதிவு ஐயா புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக மருத்துவ உலகம் இதை அறியும். அறிந்த பிறகு என்ன செய்தது என்பதுதான் அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி.

இனி, படித்தவர்கள் பக்கத்துத் தவறுக்கு வருகிறேன். அதுதான் எனக்கு அதிகக் கோபம்.

இன்றும் சில இடங்களில் ஏ.எஸ்.வி. ஏற்றும் முன் ‘டெஸ்ட் டோஸ்’ என்று கையில் தோலுக்குள் துளி மருந்து போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். தடித்தால் ‘அலர்ஜி’ என்று எழுதி, ‘கீழே கொண்டு போங்க’ என்று விடுகிறார்கள். அந்தச் சோதனை எதையும் முன்கூட்டிச் சொல்லாது என்று, தாய்லாந்திலும் நைஜீரியாவிலும் பாம்பு கடித்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1986-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்துவிட்டது. தோலில் தடித்தவருக்கு மருந்து ஏற்றியபோது ஒன்றும் ஆகாமலும் போகலாம், தடிக்காதவருக்கு மூச்சு இழைக்கவும் செய்யலாம். காரணம், இந்த எதிர்வினைகளில் பெரும்பாலானவை பென்சிலின் ஊசிக்கு வரும் அலர்ஜி வகையைச் சேர்ந்தவையே அல்ல. முன்னால் பழக்கப்பட்ட உடம்பு காட்டும் கோபம் இல்லை இது. ஏற்றும் புரதத்தின் அளவும், அதில் கலந்திருக்கும் மாசும் நேரடியாகக் கிளப்பிவிடுவது. அப்படிப்பட்டதைத் தோல் சோதனை எப்படிக் காட்டும்?

உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்கிறது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சிகிச்சை நெறிமுறையும் அதையே சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால், ‘வழக்கமா செய்வோம் சார்’ என்று பதில் வருகிறது. வகுப்பில் ஒரு பையன் இப்படிப் பதில் சொன்னால் நான் விடமாட்டேன்.

காத்திருந்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடிபட்டவரின் ரத்தம் 2 மி.லி. எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். ஒரு கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும். அந்த 20 நிமிடம் உயிரைக் காக்கும் 20 நிமிடம். டெஸ்ட் டோஸுக்குக் காத்திருக்கும் நேரம் விஷத்துக்கு நாம் கொடுக்கும் இனாம்.

சில வருஷத்துக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவனின் அப்பாவை மரவள்ளிக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்தது. சுகாதார நிலையம் ஒன்றுக்குத் தூக்கிப் போனார்கள். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மருந்தும் இருந்தது. டெஸ்ட் டோஸ் போட்டார்கள், கை தடித்தது, சீட்டில் ‘அலர்ஜி’ என்று எழுதினார்கள், அனுப்பினார்கள். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு. அதற்குப் பிறகும் வண்டி ஓட வேண்டும். கீழே பெரிய மருத்துவமனையில் அதே மருந்தைத்தான் ஏற்றினார்கள். தாங்கிக்கொண்டார். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டு, எத்தனையோ தடவை டயாலிசிஸ். பையன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அலர்ஜிக்குப் பயந்ததன் விலை இது.

சரி, அப்படியானால் எதிர்வினையைத் தடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதைச் சோதித்துக் காட்டியது இலங்கை.

அவர்களுக்கும் மருந்து நம் இந்தியாவிலிருந்துதான் போகிறது. நிறையப் பேருக்கு எதிர்வினை வந்ததால் அங்குள்ள மருத்துவர்கள் முறையாகச் சோதித்தார்கள். 1999-இல் 105 நோயாளிகளிடம் ஒரு சோதனை. ஏ.எஸ்.வி.க்கு முன் ஒரு பாதிப் பேருக்குத் தோலுக்கடியில் கொஞ்சம் அட்ரினலின், மறு பாதிக்கு வெறும் மருந்தில்லா ஊசி. அட்ரினலின் போட்டவர்களில் 100க்கு 11 பேருக்கும், போடாதவர்களில் 100க்கு 43 பேருக்கும் எதிர்வினை வந்தது.

அதோடு விடவில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வா குழுவினர் மூன்று மருத்துவமனைகளில் 1,007 பேரிடம் பெரிய சோதனை செய்து 2011-இல் வெளியிட்டார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. ‘எனக்குக் கேட்டது, என் மாமாவுக்குக் கேட்டது’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அதில் தெரிந்தவை மூன்று.

ஒன்று, 1,007 பேரில் 752 பேருக்கு ஏதோ ஒரு எதிர்வினை வந்தது. நாலில் மூன்று பேர்! பத்தில் ஏறக்குறைய ஒன்பது எதிர்வினைகள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டன.

இரண்டு, அட்ரினலின் முன்கூட்டிப் போட்டவர்களுக்குக் கடுமையான எதிர்வினை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. இரண்டு நாள் கணக்கில் 38 சதவீதம் குறைந்தது.

மூன்று, நம் ஊரில் தைரியத்துக்கு என்று போடுகிறார்களே, ஸ்டீராய்டு ஊசியும் அவில் மாதிரி அலர்ஜி ஊசியும்? அதே குடும்பத்து மருந்துகளை அங்கே சோதித்தபோது தடுக்கும் பயன் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீராய்டைச் சேர்த்துப் போட்டபோது அட்ரினலினால் கிடைத்த பயனும் போய்விட்டது.

மருந்து நம்முடையது. கடிபட்டுச் சாகிறவர்களும் நம்மவர்கள்தான் அதிகம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று ஆய்வு சொல்கிறது. ஆனால் நம் மருந்தின் அலர்ஜியை 1,007 பேரிடம் சோதித்துப் பார்த்தது குட்டித் தீவு. செய்து கொடுத்த பாடத்தைப் படிக்கக்கூட நமக்குச் சோம்பல்.

நாலில் மூன்று பேருக்கு எதிர்வினை வரும் மருந்தைச் செய்யும் நிறுவனங்களையும் கேட்க வேண்டும். இன்னும் சுத்தமாகச் செய்ய ஏன் முடியவில்லை? பணக்காரர்களுக்கு மட்டும் வரும் நோயாக இருந்தால் இப்படி விட்டுவைப்பார்களா?

மருத்துவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஒரு இளம் டாக்டர், கூட ஒரு நர்ஸ். மருந்து ஏற்றும்போது நோயாளிக்கு மூச்சு இழைத்தால் வெளியே நிற்கும் நாற்பது பேர் என்ன செய்வார்கள்? ‘ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க’ என்று சட்டையைப் பிடிப்பார்கள். பயந்துதான் ரெஃபர் எழுதுகிறார்கள். அந்தக் குரல் பதிவைப் பகிரும் ஒவ்வொருவரும் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்கள். நாளைக்கு அதே டாக்டரிடம்தான் உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

கடிபட்ட எல்லோருக்கும் ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. விஷம் ஏறாத கடியும் உண்டு, விஷமில்லாப் பாம்பும் உண்டு. ரத்தம் உறையாமை, கண் இமை சரிதல், பரவும் வீக்கம் போன்ற அறிகுறி இருந்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். அறிகுறி இருந்தால், அலர்ஜி பயம் ஒரு காரணமே ஆகாது. இதுதான் என் வாதம்.

நான் கேட்பவை இவைதான்:

1. மலை மேல் இருக்கும் எந்த அரசு மருத்துவ நிலையத்திலும் டெஸ்ட் டோஸ் கூடாது. எழுத்தில் உத்தரவு போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும்.

2. ஏ.எஸ்.வி. பாட்டிலைத் தொடும் முன் அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். மூச்சு இழைத்தால் டிரிப்ஸை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, ஆள் தேறியதும் மறுபடி தொடங்க வேண்டும். எதிர்வினை வந்தது என்பதற்காக மருந்தைக் கைவிடக் கூடாது.

3. முதல் டோஸ் மலையிலேயே. கீழே அனுப்ப வேண்டியிருந்தால் ஏற்றிய பிறகு அனுப்புங்கள்.

4. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வரலாம். அது விஷம் திரும்பி ஏறியது அல்ல, தெய்வக் குற்றமும் அல்ல. வியன்னாக் குழந்தைகளுக்கு வந்த அதே சீரக் காய்ச்சல். மருந்து கொடுத்தால் அடங்கும்.

5. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல வேலை. கடியை எண்ணுவது போல ஊசிக்கு வந்த எதிர்வினையையும் எண்ணுங்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி எண், எத்தனை பேருக்கு. கணக்கு இல்லாத இடத்தில் வதந்திதான் கணக்கு எழுதும்.

நம் மக்களுக்கு: கத்தியால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். மூலிகையை நான் பழிக்கவில்லை. சளிக்கு நானும் ஆடாதொடைக் கஷாயம்தான் குடிக்கிறேன். ஆனால் கண்ணாடி விரியன் சளி இல்லை.

மருத்துவமனைக்குப் போனதும் மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கள்: ‘டாக்டர், அட்ரினலின் தயாரா இருக்குதுங்களா? இருந்தா இங்கேயே ஆரம்பிச்சிடுங்க, நாங்க பிரச்சினை பண்ண மாட்டோம்.’ இதை எழுதி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்தக் குரல் பதிவை யாராவது அனுப்பினால் இந்தப் பதிவைத் திருப்பி அனுப்புங்கள்.